கொடியில் காய்ந்த சினிமா

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என்னைப் பற்றி எங்கள் அப்பா சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான். சுவரைச் சும்மா விடமாட்டாள். விருதுநகரில் அப்பாவுக்கு மல்லி, வத்தல் வியாபாரம். மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் உட்சுவர் முழுக்க நான் அடுப்புக் கரியால் வரைந்தவை இருந்தன. ரயில், கழுதை, தராசைப் பிடித்தபடி கொட்டாவி விடும் ஆள், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசும் இரண்டு தரகர்கள். "பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக் கூடாதுல்ல, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்" என்று சிவகாசியிலிருந்து வந்தவர்களிடம் அப்பா சொன்னார். மாப்பிள்ளை கிட்டங்கிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்க வீட்ல சுவரும் இருக்கு, கல்லும் இருக்கு. எம்புட்டு வேணும்னாலும் வரையட்டும்" என்றார்.

அவர் கல் என்று சொன்னது அச்சடிக்கிற லித்தோ கல்லை. அவர் சிவகாசியில் சின்ன பிரஸ் ஒன்று நடத்திவந்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பதுதான் வேலை. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மகன் அச்சடித்த லேபிளை அப்பா தன் சரக்கின்மேல் ஒட்டி அனுப்புவார். வீட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவை நான் தாண்டியது கல்யாணமான இரண்டாம் வருஷம். பிரஸ்ஸில் வரைகிற ஆர்ட்டிஸ்ட் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துவிட்டார். தீபாவளி சீசன். மயில் லேபிள் ஒன்று பாதியில் நின்றது. நான் போய் மயிலுக்கு வால் வரைந்தேன். ஆர்ட்டிஸ்ட் குணமாகி வந்து பார்த்துவிட்டு, "வால் எனக்கு வரையத் தெரியாது, இனிமே நீங்களே வரைங்கம்மா" என்றார். அதுதான் என் வேலை நியமனம்.

லித்தோவில் ஒரு விசித்திரம் உண்டு. மயிலுக்கு ஐந்து நிறம் என்றால் ஐந்து கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு நிறத்துக்கு உரிய இடத்தை மட்டும் வரைய வேண்டும், அதுவும் கறுப்பு மையால். நீலமும் கறுப்புதான், சிவப்பும் கறுப்புதான். வரைகிறவரையில் நிறம் தலைக்குள்தான் இருக்கும். ஐந்து கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுந்த பிறகுதான் மயில் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் முதல் தாளை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ துள்ளும். பிற்பாடு நான் பார்த்த எந்த ஓவியக் கூடத்திலும் அந்தத் துள்ளலைத்தான் தேடினேன்.

உலகச் செய்திகள் எங்களுக்கு லேபிள் ஆர்டராகத்தான் வந்துசேரும். ரஷ்யாக்காரர்கள் வானத்தில் உருண்டை ஒன்றைச் சுற்றவிட்டதாகப் பேப்பரில் வந்த கொஞ்ச நாளில், "உருண்டை போட்டு ஒரு லேபிள்" என்று வியாபாரி வந்து நிற்பார். நாயை அனுப்பினார்கள், நாய் வரைந்தேன். எல்லையில் சண்டை வந்தது, பனிமலையும் சிப்பாயும் வரைந்தேன். பனியைப் பார்த்ததில்லை, ஆகவே எங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்து வரைந்தேன். பிறகு ஒருநாள் இவர், என் வீட்டுக்காரர், பேப்பரை விரித்தபடியே உள்ளே வந்தார். "இந்தா, பாத்தியா? பொம்பளையை ஏத்தி அனுப்பியிருக்காக. ஒத்தையில சுத்திக்கிட்டு இருக்காளாம்" என்றார். ராக்கெட் வெடிக்கு லேபிள் கேட்டவர் அன்று பேப்பர் படிக்கவில்லை, வழக்கம்போல வெறும் ராக்கெட்தான் கேட்டிருந்தார். நான் அதன் ஜன்னலில் ஒரு பெண்ணை வைத்தேன். நெற்றியில் பொட்டு, தலையில் பிச்சிப்பூ. முந்தானை மட்டும் காற்றில் பறந்தது. அங்கே காற்றே கிடையாதாம், இவர்தான் சொன்னார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த லேபிள் நாலு சீசன் ஓடியது.

பம்பாய்க்குப் போனது அந்த லேபிளால்தான். அங்கே ஒரு மொத்த வியாபாரிக்கு அது பிடித்துவிட்டது. தன் சரக்குக்குப் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு லேபிள் வேண்டும், நேரில் வந்து பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இவர் மட்டும் கிளம்புவதாக இருந்தது.

"வரைஞ்சது நானு. அவுக அங்கன மாத்தணும், இங்கன திருத்தணும்னு சொன்னா யாரு திருத்துவா? நீங்களா?" என்று கேட்டேன்.

இவர் மாமாவைப் பார்த்தார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை உரலில் மாவு தள்ளியபடியே, "கூட்டிட்டுப் போடா. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன். வரும்போது எனக்குப் பம்பாய்ச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வரட்டும். உனக்கு எடுக்கத் தெரியாது" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பத்தாவோடு இருப்பதென்றால் அவளுக்குக் கருப்பட்டி கிடைக்கும், எனவே என்னைச் சந்தோஷமாக வழியனுப்பினாள்.

மெட்ராஸ் வரை ஒரு ரயில், அங்கிருந்து பம்பாய்க்கு இன்னொன்று. நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. எங்கள் பக்கத்துக் கரிசல் மறைந்து செம்மண் வந்தது, பாறை வந்தது, பெயர் தெரியாத ஆறு வந்தது. எல்லாவற்றையும் கல் கல்லாகப் பிரித்துக்கொண்டே போனேன். இந்த மலைக்கு மூன்று கல் போதும். இந்த வானத்துக்கு நீலக் கல் மட்டும் போதாது, கொஞ்சம் ரோஸ் வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சேலைக்கு ஆறு கல். இவர் அரைத் தூக்கத்தில், "என்ன முணுமுணுக்கே?" என்று கேட்டார். "ஆறு" என்றேன். "ஆறா? பாலம் எப்ப வந்துச்சு?" என்று எழுந்து எட்டிப் பார்த்தார்.

பம்பாயில் வேலை ஒரே காலையில் முடிந்துவிட்டது. நான் வரைந்துகொண்டு போன மாதிரிகளில் வியாபாரிக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வரைந்தது நான்தான் என்று தெரிந்ததும் அவர் உள்ளே போய்த் தன் மருமகளைக் கூட்டிவந்தார். காலேஜில் படித்தவள், என் வயதுதான் இருக்கும். எனக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் லேபிள் அளவுக்குத்தான். இவருக்கு வியாபார இங்கிலீஷ் வரும். அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இரண்டு நாள் ஊர் சுற்றினோம்.

முதலில் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைச் சுவரில் பெரிய பெரிய படங்கள். முகம் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. நிறத்தின்மேல் நிறம், கோட்டின்மேல் கோடு. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார்கள். நானும் அப்படியே நின்றேன். இவர் என் காதருகே வந்து, "ஏ பிள்ள, இது நம்ம வேஸ்ட் தாளுல்லா" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஏனென்றால் அது உண்மை. மெஷினில் மையைச் சரிபார்க்க நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே அடித்துக் கழித்த தாளையே மறுபடி மறுபடி உள்ளே விடுவார்கள். ஒரே தாளில் மயில்மேல் சிப்பாய், சிப்பாய்மேல் லட்சுமி, லட்சுமிமேல் தலைகீழாக ராக்கெட் விழுந்து, கடைசியில் எதுவும் தெரியாமல் எல்லாம் தெரியும். எனக்கு அந்தத் தாள்கள்மேல் ரகசியமாக ஒரு ஆசை இருந்தது. நல்லதாகப் பார்த்து எடுத்து அலமாரியில் விரிப்பேன். மருமகள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் விளக்கினார். அவளும் சிரித்தாள். ஆனால் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாள்கள் தனக்கு வேண்டும், அனுப்புங்கள் என்றாள். ஊருக்கு வந்ததும் ஒரு கட்டு அனுப்பினோம். அதில் நாலைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்கள் வரைந்தது யார் என்று கேட்பதாகவும் பிறகு தெரியவந்தது. மெஷின்மேனிடம் சொன்னேன். அவர் அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே வேலை பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு மாடியறையில் சினிமா. டிக்கெட் கிடையாது. மடக்கு நாற்காலி போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படங்கள். முதல் படத்தில் ஓர் ஆள் கடற்கரையில் நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். இவர் தூங்கிவிட்டார். நானும் பாதிக் கண்ணை மூடியிருந்தேன். இரண்டாவது படம் தொடங்கியது. திரை திடீரென்று மஞ்சளானது. நடுவில் ஒரு சிவப்புக் கோடு வந்து நின்று, நடுங்கி, இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று துரத்தியது. பச்சைப் புள்ளிகள் கீழேயிருந்து பொரிமாதிரி தெறித்தன. பின்னால் ஏதோ தாளம். ஆள் இல்லை, கதை இல்லை, ஒரு பேச்சுக்கூட இல்லை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

இவர் விழித்துக்கொண்டார். "ஆபரேட்டரு ரீலைத் தப்பா மாட்டிட்டான் போல."

"பேசாம இருங்க."

"ஒண்ணுமே வரலையே."

"எல்லாம் வருது. பேசாம பாருங்க."

மூன்று நிமிஷம்கூட இருக்காது, முடிந்துவிட்டது. விளக்குப் போட்டதும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இது எப்படி என்று கேட்டேன். அவள் இங்கிலீஷில் சொன்னதை இவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கினார். "காமிராவே கெடையாதாம். வெறும் ஃபிலிம்மேல கையால வரைஞ்சதாம். மையும் பிரஷும்தானாம்." சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்" என்றார். நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது இரண்டு நாளும் இதே பேச்சு. ஃபிலிமுக்கு எங்கே போவது, மெஷினுக்கு எங்கே போவது, யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். மை நம்மிடம் இருக்கிறது என்று நான் சொன்னேன். விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கும்போது, "சரி, டூரிங் டாக்கீஸ்காரன்ட்ட கேட்டுப் பாக்கேன். ஆனா ஒண்ணு. எதுக்குன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸின் ஆபரேட்டர் இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அறுந்துபோன ஃபிலிம் துண்டுகளை ஒரு தகர டின்னில் போட்டு வைத்திருந்தார். இரண்டு டின் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டு, "எதுக்கு மதினி இது?" என்றார். படம் எடுக்கப் போகிறேன் என்றேன். "யாரு கதாநாயகி?" என்றார். "மஞ்சக் கலரு" என்றேன். இவரைத் தனியாகக் கூப்பிட்டு, பம்பாயில் எனக்கு உடம்புக்கு ஏதும் வந்ததா என்று விசாரித்தாராம்.

முதல் தடை மாமாவிடமிருந்து வந்தது. கம்பெனியிலிருந்து திரும்பியவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். பட்டாசுக்காரர் வீட்டில் எது வந்தாலும் முதலில் அது எரியுமா என்றுதான் பார்ப்பார்கள். "ஏ தாயி, இது என்னன்னு தெரியுமா? பழைய ஃபிலிமுன்னா நம்ம சரக்கை விட மோசமா எரியும்" என்றார். டின்னை வெட்டவெளிக்குத் தூக்கிப்போகச் சொன்னார். ஒவ்வொரு சுருளிலிருந்தும் விரல் நீளத்துக்கு வெட்டி, தள்ளித் தள்ளிக் கல்மேல் வைத்து, நீளக் குச்சியில் தீ வைத்துக் காட்டினார். பெரும்பாலானவை சுருண்டு, உருகி, அணைந்துபோயின. ஒன்று மட்டும் புஸ்ஸென்று பொங்கி ஆள் உயரத்துக்கு எழும்பியது. நாங்கள் பின்வாங்கினோம். மாமா அசையவில்லை. அந்தச் சுடரைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "நல்லாத்தான் எரியுது" என்றார். அந்த வகையெல்லாம் ஆபரேட்டரிடமே திரும்பிப் போயின. மீதிக்கு உத்தரவு கிடைத்தது: பகலில் மட்டும் வேலை, பின்பக்கத்துக் கொட்டகையில் மட்டும், விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

அடுத்தது, இருக்கிற படத்தை அழிக்க வேண்டும். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஃபிலிமை ஊறவைத்தால் மேலே இருக்கிற படம் கொழகொழவென்று இளகும். துணியால் துடைத்தால் கண்ணாடிபோல வெறும் ஃபிலிம் கிடைக்கும். அண்டாவில் ஊறியதை அத்தைதான் கழியால் கிண்டினார். நடுநடுவே ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"ஐயோ, பாவம். நல்லா அழுதுக்கிட்டிருந்தா. அழிச்சிட்டோமே."

"அழுகைதானே அத்தை, போகட்டும்."

"இவன் சண்டைக்காரன். இவனை நல்லாத் தேய்."

கழுவியதைத் துணிக்கொடியில் போட்டோம். முற்றத்துக்குக் குறுக்கே ஏழெட்டு வரிசை, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, காற்றடித்தால் சலசலவென்று ஒரு சத்தம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சேமியா காயவைக்கிறீகளா என்று ஒருத்தி கேட்டாள். என் மகள் அதற்குக் கீழே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

பிரஸ்ஸில் எடுத்த மையால் ஆசை ஆசையாக ஒரு வாரம் வரைந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில், ஆட்டம் தொடங்குமுன், ஆபரேட்டர் அதைத் திரையில் விட்டார். எல்லாம் கறுப்பு. என் சிவப்பு கறுப்பு, என் மஞ்சள் கறுப்பு. தாரை ஊற்றியதுபோல ஓடி முடிந்தது. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து இவர், "ஒருவேளை இதுவும் ஒரு தினுசுப் படந்தானோ?" என்றார். வீடு வருகிறவரை யோசித்தேன். தாளில் வெளிச்சம் மைமேல் விழுந்து திரும்புகிறது. ஃபிலிமிலோ வெளிச்சம் மைக்குள் புகுந்து வெளியே வந்தாக வேண்டும். எங்கள் மை கெட்டி, சுவர்மாதிரி அடைத்துவிடும். மறுநாள் அத்தையிடம் புலம்பினேன். அவர் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். "இந்தச் சாயப்பொடி ஆகாதா?" என்றார். ஓலைக்கு ஏற்றும் ரோஸும் பச்சையும் ஊதாவும். அதைத் தச்சர்கள் பாலிஷ் போடும் அரக்குத் தண்ணியில் கலந்து ஃபிலிமில் தடவி, சூரியனுக்கு நேரே பிடித்தேன். என் கைமேல் ரோஸ் நிறத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அத்தை தன் கையையும் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு நாலு மாதம். பிள்ளைக்குச் சோறூட்டி, லேபிள் வேலையை முடித்துவிட்டு, மத்தியான வெயிலில் பின்பக்கத்துக் கொட்டகையில் உட்காருவேன். ஒன்றரை அடி ஃபிலிம் ஒரு நொடியில் ஓடிவிடும் என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தார். முதலில் அது என்னை மலைக்கவைத்தது. ஒரு பூவை நாள் முழுக்க வரைந்தால் திரையில் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். பூ வரைவதை விட்டேன். நீளமாக இழுத்தேன். பிரஷை உதறினேன். விரல் ரேகையைப் பதித்தேன். வேப்பிலையைச் சாயத்தில் தோய்த்து ஒற்றினேன். அழிக்காமல் விட்ட கறுப்புத் துண்டுகளில் தையல் ஊசியால் கீறினேன், இருட்டில் வெள்ளைக் கோடுகளாக வரட்டும் என்று. வேஸ்ட் தாளை நினைத்துக்கொண்டு, காய்ந்ததின்மேல் காயாததைப் பூசினேன். லேபிளில் ஒரு மயிர்க்கோடு விலகினாலும் வியாபாரி கேட்பார். இங்கே கேட்க ஆள் கிடையாது. வரைவது இவ்வளவு விளையாட்டாக இருக்கும் என்பது கிட்டங்கிச் சுவருக்குப் பிறகு எனக்கு மறந்தே போயிருந்தது.

கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கலுக்குப் படத்தைக் காட்டுவது என்று முடிவானது. அந்த நாட்களில் சுற்றுப்பட்டு ஊர் முழுக்கச் சிவகாசியில்தான் இருக்கும். கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். கீழே ஆற்று மணல். நான் அத்தையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஆயுளில் சினிமாக் கொட்டகைக்கு வந்திராத மாமா, துண்டை மடித்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் சர்க்கார் செய்திப் படம். அணை திறந்தார்கள், மாலை போட்டார்கள், வெள்ளம் வந்த ஏதோ ஊருக்குச் சோறு கொடுத்தார்கள். அது முடிந்ததும் எல்லாரும் மெயின் படத்துக்காகக் காலை நீட்டி வசதி பண்ணிக்கொண்டார்கள். திரை ரோஸ் நிறமானது. சத்தமே இல்லை. எங்கள் ஃபிலிமில் சத்தம் ஏது? மெஷினின் கரகரப்பு மட்டும். ஊதாக் கோடு ஒன்று நெளிந்து வந்தது.

"ஏலே, படத்தைப் போடுலே!"

"ரீலு நனைஞ்சு போச்சா?"

விசில் அடித்தார்கள். அத்தை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இவர் எழுந்து நின்று, "கொஞ்சம் பொறுங்கப்பா! வரும், வரும்!" என்று கத்தினார். என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் அடி விழுந்தது. தவில் அடி. கோயில் கொடைக்கு வந்த மேளக்காரர்கள் சாமி புறப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதென்று படம் பார்க்க வந்திருந்தார்கள். வாத்தியத்தை வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் தெறித்ததும் தவில்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒன்று அடித்தார். அடுத்த புள்ளிக்கு இன்னொன்று. பிறகு நிறுத்தவே இல்லை. உறுமிக்காரர் சேர்ந்துகொண்டார். வேப்பிலைகள் சரம் சரமாக விழுந்தபோது உறுமி இழுத்த இழுப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கறுப்புத் துண்டு வந்தது. ஊசிக் கீறல்கள் வெள்ளை வெள்ளையாக இருட்டைக் கிழித்தன. கொட்டகை மொத்தமும் "ஓ"வென்று கத்தியது. புள்ளி குதித்ததால் அவர் அடித்தாரா, அவர் அடித்ததால் புள்ளி குதித்ததா, எனக்குத் தெரியவில்லை. வரைந்தவள் நான், ஆனால் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். முடிந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஒன்ஸ் மோர்!" என்றார். கொட்டகையே அதைப் பிடித்துக்கொண்டது. ஆபரேட்டர் கையால் சுற்றித் திருப்பி மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். மெயின் படத்தின் கதாநாயகன் அன்று ரொம்ப நேரம் காத்திருந்தார்.

எனக்கு முன்னால் அச்சங்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த, வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஊசிக் கீறல்களைக் காட்டி, "மளைல்லா பெய்யுது! இப்படிப் பெஞ்சு எம்புட்டு நாளாச்சு" என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள். நான் அதை மழை என்று கீறவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு அது மழைதான். வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா, "நடுவுல வந்துச்சுல்ல, அது நம்ம தரைச்சக்கரந்தானே? சரியாச் சுத்துச்சு" என்று கேட்டார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "கோலம் அது. புள்ளிக் கோலம் எந்திரிச்சு ஓடுது. உங்களுக்கு எல்லாம் வெடிதான்" என்றார். இருவரும் வாசல் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். கதை என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பம்பாயில் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று படம் பார்த்தவர்களை நினைத்துக்கொண்டேன். புரியாததைக் கண்டு எங்கள் ஊர்க்காரர்கள் தள்ளி நிற்கவில்லை. முதலில் திட்டினார்கள், பிறகு உள்ளே இறங்கி ஆடினார்கள். கலைக்கு அதைவிட நல்ல மரியாதை எனக்கு இன்றுவரை தெரியாது.

பொங்கல் முடிகிறவரை தினமும் முதல் ஆட்டத்தில் போட்டார்கள். மேளக்காரர்கள் புறப்பாட்டு நேரத்தைக் கெஞ்சித் தள்ளிவைத்துவிட்டு வந்தார்கள். படம் தினமும் கொஞ்சம் தேய்ந்தது. சாயம் உதிர்ந்து மெஷின் வாயெல்லாம் ரோஸாகிவிட்டதென்று ஆபரேட்டர் அலுத்துக்கொண்டார், ஆனால் மெயின் படத்தில் எல்லாருடைய முகமும் இப்போது கொஞ்சம் அழகாகத் தெரிவதாகவும் சொன்னார். அறுந்த இடத்தை ஒட்ட ஒட்டப் படம் சுருங்கியது. கடைசி நாள் மிஞ்சியது ஒரு நிமிஷம்கூட இல்லை. அதைத் தவில்காரர் கேட்டு வாங்கி, தன் தவிலைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். போய்விட்டதே என்று எனக்குத் துக்கமாகவே இல்லை. கொடியில் இன்னும் இரண்டு வரிசை காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது படம் வரைந்தபோது எலெக்‌ஷன் வந்துவிட்டது. எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார்கள். காலையில் ஒருவரின் சின்னம், மத்தியானம் அவருடைய எதிரியின் சின்னம். மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. வேஸ்ட் தாளில் எல்லாக் கட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுமையாகக் கிடந்தன. அந்த அவசரத்துக்கு நடுவில் ஒரு மத்தியானம் இவர் என் பின்பக்கத்துக் கொட்டகைக்குள் வந்து நின்றார். கையில் மை அப்பியிருந்தது.

"ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கும் ஒரு ரெண்டு அடி குடேன். நானும் வரைஞ்சு பாக்கேன்."

"நீங்களா? என்ன வரைவீக?"

"கோடு. ஒரே ஒரு நேர்கோடு. அதுக்கு மேல எனக்கு எங்க வரும்?"

நான் சிரிக்கவில்லை. ஃபிலிமைப் பலகையில் நீட்டிவைத்து இரண்டு நுனியிலும் கல் வைத்துக் கொடுத்தேன். அவர் ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சையில் ஒரு கோடு இழுத்தார். லேபிள் ஓரம் வெட்டுகிற கவனத்தோடு இழுத்தார். துல்லியமான நேர்கோடு. அதை என் படத்தின் நடுவில் ஒட்டி டூரிங் டாக்கீஸில் ஓடவிட்டோம். திரையில் அது நேராக நிற்கவில்லை. ஸ்கேலுக்குத் தெரியாத சின்னச் சின்ன நடுக்கமெல்லாம் அங்கே பெரிதாகிவிட்டது. கோடு கூச்சப்பட்டது, கிலுகிலுத்தது, இடுப்பை அசைத்தது, ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆடிவிட்டு மறைந்தது.

இவர் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, மண்சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ஊரே பார்க்க என்னைக் கூப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, பாத்தியா? உசிரோட இருக்கு!"